வெளியேறினார்களா, வெளியேற்றப்பட்டார்களா? – ஒரு வினைச்சொல்லின் வரலாறு

ஒவ்வோர் ஆண்டும் ஒக்டோபர் மாதத்தின் கடைசி நாட்களில் புத்தளம், கற்பிட்டி, பாலாவி, ஆலங்குடா, தில்லையடி ஆகிய ஊர்களில் நினைவுக் கூட்டங்கள் நடைபெறுகின்றன. அறிக்கைகள் வெளியாகின்றன. ஆங்கில அறிக்கையாயின் அதில் 'எவிக்ட்' என்ற சொல் தவறாமல் இடம்பெறும். தமிழ் அறிக்கையாயின் 'வெளியேற்றம்' என்றிருக்கும். பத்திரிகைச் செய்தியாயின் பெரும்பாலும் 'இடம்பெயர்ந்த முஸ்லிம்கள்' என்று முடிந்துவிடும்.

இம்மூன்றும் ஒரே பொருளைத் தரும் சொற்கள் என்றுதான் பலரும் எண்ணுகிறார்கள். நீண்டகாலம் செய்திகளை எழுதியும் பிறர் எழுதியவற்றைத் திருத்தியும் பழகிய எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. மூன்று சொற்களும் மூன்று வேறு கதைகளைச் சொல்கின்றன. ஒன்றில் செய்தவன் இருக்கிறான். ஒன்றில் அவன் நிழலாக நிற்கிறான். மற்றொன்றில் அவன் இல்லவே இல்லை. இந்த வேறுபாடு இலக்கணப் பண்டிதர்களுக்கு மட்டும் உரியது அன்று. காணி உறுதியும் வாக்குரிமையும் ஊர் திரும்பும் உரிமையும் இதனோடு பிணைந்திருக்கின்றன.

நடந்தது என்ன?

சொல்லை ஆராயுமுன் சம்பவத்தைச் சுருக்கமாக நினைவுகூர்வோம். 1990 ஜூனில் இரண்டாம் ஈழப்போர் தொடங்கியது. ஓகஸ்ட் மாதத்தில் கிழக்கில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் ஏறாவூரிலும் முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். அதே காலத்தில் கிழக்கின் தமிழ்க் கிராமங்களிலும் கொலைகள் நடந்தன. ஆனால் வடமாகாணத்தில் தமிழர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே அத்தகைய மோதல் எதுவும் இருக்கவில்லை.

அப்படியிருந்தும் ஒக்டோபர் நடுப்பகுதியில் சாவகச்சேரி முஸ்லிம்கள் முதலில் வெளியேற்றப்பட்டார்கள். அடுத்து மன்னார்த் தீவில் எருக்கலம்பிட்டி உள்ளிட்ட ஊர்களில் ஒலிபெருக்கி மூலம் விடுதலைப் புலிகளின் உத்தரவு அறிவிக்கப்பட்டது. அம்மக்களுக்குச் சில நாட்கள் தவணை கிடைத்தது. அவர்கள் கடற்கரையில் கூடி, வள்ளங்களில் ஏறி, மழைக்காலக் கடலைக் கடந்து கற்பிட்டிக் கரையில் இறங்கினார்கள். யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களுக்கு அந்தத் தவணையும் கிடைக்கவில்லை. ஒக்டோபர் 30 ஆம் திகதி காலை ஒலிபெருக்கிகள் அவர்களை ஒஸ்மானியாக் கல்லூரிப் பக்கம் அழைத்தன. அங்கே வெளியேறுவதற்கு இரண்டு மணிநேரம் என்று கூறப்பட்டது. மாற்றுடையும் 150 ரூபாவும் மட்டுமே கொண்டு செல்லலாம் என்பது கட்டளை. வழியில் நகைகளும் பணமும் ஆவணங்களும் பறிக்கப்பட்டன.

ஐந்து மாவட்டங்களிலிருந்தும் ஏறத்தாழ 72,000 பேர் இவ்வாறு அகற்றப்பட்டனர் என்று மதிப்பிடப்படுகிறது. இவர்களுள் சுமார் 38,000 பேர் மன்னாரையும் சுமார் 20,000 பேர் யாழ்ப்பாணம், கிளிநொச்சி ஆகியவற்றையும் சேர்ந்தவர்கள். பெரும்பான்மையினர் புத்தளம் மாவட்டத்தின் கரையோரத்தில், தென்னந்தோப்புகளுக்கும் களப்புக்கும் இடையே, கிடுகுக் கொட்டில்களில் குடியிருக்கத் தொடங்கினார்கள்.

'எவிக்ட்' என்ற சொல்லின் வேர்

ஆங்கில அகராதிகள் 'எவிக்ட்' என்னும் வினைக்கு இன்று தரும் பொருள், ஒருவரை அவர் குடியிருக்கும் இடத்திலிருந்து, குறிப்பாகச் சட்டத்தின் துணையோடு, வெளியேற்றுதல் என்பதாகும். வாடகை கொடாத குடியிருப்பாளரை வீட்டுக்காரர் நீதிமன்றக் கட்டளை பெற்று வெளியேற்றுவது இதற்கு நாளாந்த உதாரணம்.

சொல்லின் வேர் லத்தீன் மொழியில் இருக்கிறது. 'வின்கெரே' என்றால் வெல்லுதல். அதன் முன்னே 'வெளியே', 'முற்றாக' என்ற பொருள்களைத் தரும் முன்னொட்டுச் சேர்ந்தபோது 'எவின்கெரே' பிறந்தது. முற்றாக வெல்லுதல் என்பது அதன் பொருள். வெற்றியைக் குறிக்கும் 'விக்ரரி', குற்றவாளியெனத் தீர்ப்பதைக் குறிக்கும் 'கொன்விக்ட்', இணங்கவைப்பதைக் குறிக்கும் 'கொன்வின்ஸ்' ஆகிய யாவும் இதே வேரிலிருந்து முளைத்தவை. ஆக, 'எவிக்ட்' என்ற சொல்லின் அடியில் ஒரு வெற்றி புதைந்திருக்கிறது.

ஆனால் அது வாளால் பெற்ற வெற்றி அன்று. நீதிமன்றத்தில் பெற்ற வெற்றி. ரோமானியச் சட்டத்தில் 'எவிக்ஷியோ' என்பதற்கு மிகத் தெளிவான ஒரு பொருள் உண்டு. நான் ஒருவரிடம் காணி ஒன்றை வாங்குகிறேன். பின்னர் மூன்றாமவர் ஒருவர் வந்து, அந்தக் காணி உண்மையில் தமக்குரியது என்று வழக்காடி, வென்று, என்னிடமிருந்து அதை மீட்டுக்கொள்கிறார். இந்த மீட்புக்குத்தான் 'எவிக்ஷியோ' என்று பெயர். ஆங்கில வினையும் தொடக்கத்தில் இப்பொருளையே தாங்கியது. சட்டப்படி வென்று சொத்தை மீட்டல் என்பது முதற்பொருள். ஆளை வெளியே தள்ளுதல் என்பது அதிலிருந்து பின்னர் கிளைத்த பொருள்.

இந்தப் பழைய பொருள் நமக்கு அந்நியமானது என்று வாசகர்கள் எண்ணவேண்டாம். கற்பிட்டியில் இன்றும் நிற்கும் கோட்டையைப் பதினேழாம் நூற்றாண்டில் கட்டிய ஒல்லாந்தர், அதைவிட உறுதியான ஒன்றையும் இலங்கையில் விட்டுச் சென்றார்கள். அது உரோமன்-டச்சுச் சட்டம். அதன்படி இலங்கையில் காணி விற்பவர், வாங்குபவருக்கு ஒரு பாதுகாப்பு உத்தரவாதத்தை அளிக்கிறார். உறுதியில் எழுதாவிட்டாலும் அது சட்டத்தால் கொள்ளப்படும். பிறர் எவரேனும் மேலான உரிமை காட்டி இக்காணியை உம்மிடமிருந்து வென்றெடுக்க வந்தால் நான் வந்து உமக்காக வாதாடுவேன், தோற்றால் ஈடுசெய்வேன் என்பதே அந்த உத்தரவாதம். சட்டத்தரணிகள் இதை 'எவிக்ஷனுக்கு எதிரான உத்தரவாதம்' என்று அழைக்கிறார்கள்.

இப்போது இந்தச் சொல்லை 1990 ஒக்டோபரில் பொருத்திப் பாருங்கள். 'எவிக்ட்' செய்பவரிடம் மேலான உரிமை இருக்கிறது, அதை ஒரு நீதிமன்றம் ஏற்றிருக்கிறது என்பது சொல்லின் மூலப்பொருள். யாழ்ப்பாணச் சோனகத் தெருவிலும் எருக்கலம்பிட்டியிலும் உறுதி யாரிடம் இருந்தது? வெளியே போகும்படி பணிக்கப்பட்டவர்களிடம் இருந்தது. பணித்தவர்களிடம் இருந்தது துப்பாக்கி. வழக்கும் இல்லை, தீர்ப்பும் இல்லை, மேன்முறையீடும் இல்லை. வேரைக்கொண்டு நோக்கினால் 'எவிக்ட்' என்பது இச்சம்பவத்துக்குச் சற்றும் பொருந்தாத சொல்.

அதனாற்போலும், இச்சம்பவத்தை விரிவாக ஆராய்ந்த மக்கள் ஆணைக்குழு வேறொரு சொல்லைத் தலைப்பில் வைத்தது. 'லோ அன் சொசைட்டி ட்ரஸ்ட்' என்ற அமைப்பின் முயற்சியால் உருவான அந்த ஆணைக்குழு, 2011 இல் தன் இறுதி அறிக்கையை வெளியிட்டது. அதன் பெயரில் இருப்பது 'எக்ஸ்பல்ஷன்'. அதன் வேர் லத்தீன் மொழியின் 'பெல்லெரே'. துரத்துதல், தள்ளுதல் என்பது பொருள். உரிமை பற்றி அச்சொல் எதுவும் பேசுவதில்லை. துரத்தியவனையும் துரத்தப்பட்டவனையும் மட்டுமே காட்டுகிறது. புத்தளத்தில் நான் சந்தித்த முதியவர்கள் எவரும் 'வெளியேற்றம்' என்று பேசக் கேட்டதில்லை. 'எங்களைத் துரத்தின நேரம்' என்றுதான் கதையைத் தொடங்குவார்கள். ஆணைக்குழுவின் ஆங்கிலமும் முதியவர்களின் தமிழும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன.

இடம்பெயர்ந்தவர்கள் யார்?

அடுத்த சொல் 'டிஸ்ப்ளேஸ்'. பழைய பிரெஞ்சு மொழியிலிருந்து வந்தது. ஒன்றை அதன் இடத்திலிருந்து அகற்றுதல் என்பது பொருள். கப்பலோட்டிகளுக்கு இது நன்கு தெரிந்த சொல். ஒரு கப்பல் நீரில் மிதக்கும்போது எவ்வளவு நீரை அப்புறப்படுத்துகிறதோ அதைக் கொண்டு கப்பலின் நிறையைக் கூறுவார்கள். நீர் தானாக நகர்வதில்லை. கப்பல் வந்து அமர்வதால் நகர்த்தப்படுகிறது.

இரண்டாம் உலகப்போரின் முடிவில் ஐரோப்பாவில் வீடிழந்து நின்ற கோடிக்கணக்கானோரைக் குறிக்க 'டிஸ்ப்ளேஸ்ட் பேர்சன்ஸ்' என்ற தொடர் அலுவலக வழக்காயிற்று. 1951 ஆம் ஆண்டின் அகதிகள் சமவாயம், நாட்டின் எல்லையைக் கடந்தவரையே அகதி என்றது. எல்லையைக் கடவாதவர்களுக்குப் பெயர் வேண்டியிருந்தது. 1998 இல் ஐ.நா.வின் வழிகாட்டிக் கோட்பாடுகள் வந்தன. வீட்டைவிட்டு ஓடவோ நீங்கவோ நிர்ப்பந்திக்கப்பட்டு, நாட்டின் எல்லையைக் கடவாமல் இருப்பவர்கள் உள்நாட்டில் இடம்பெயர்க்கப்பட்டோர் என்று அவை வரையறுத்தன. ஆங்கில எழுத்துகளின் சுருக்கமாகிய 'ஐ.டி.பி.' என்பது அதன்பின் புத்தளத்தில் குழந்தைகளும் அறிந்த சொல்லாகிவிட்டது.

ஆங்கிலத்தில் அந்தத் தொடர் செயப்பாட்டு வடிவில் இருப்பதைக் கவனிக்கவேண்டும். செய்தவன் யார் என்று அது சொல்லாது. எனினும் எவனோ ஒருவன் செய்தான் என்பதை மறைக்காது. தமிழில் அதை நாம் 'இடம்பெயர்ந்தோர்' என்று ஆக்கினோம். இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

தமிழ் வினைகளில் தன்வினை, பிறவினை என இருவகை உண்டென்று பாடசாலையில் படித்திருப்போம். திரும்பு – திருப்பு, அகல் – அகற்று, ஓடு – ஓட்டு, வெளியேறு – வெளியேற்று. 'பெயர்' என்ற வினைக்கும் இரு வடிவங்கள் உண்டு. பெயர்ந்தான் என்றால் தானே நகர்ந்தான். பெயர்த்தான் என்றால் வேறொன்றை நகர்த்தினான். ஒரு மொழியிலுள்ளதை இன்னொன்றுக்கு நாம் கொண்டு செல்லும்போது 'மொழிபெயர்ப்பு' என்று சரியாகவே பிறவினையில் சொல்கிறோம். மனிதரை அவர் இருந்த இடத்திலிருந்து பிடுங்கும்போது மட்டும் 'இடப்பெயர்வு' என்கிறோம். ஒரு நூல் தானாக மொழி பெயர்வதில்லை என்பது நமக்குத் தெரிகிறது. ஓர் ஊர் தானாக இடம்பெயராது என்பது எப்படி மறந்துபோயிற்று?

'இடம்பெயர்ந்தோர்' என்ற சொல்லில் பறவைகளும் அடங்கும். பருவகாலத்தில் கற்பிட்டிக்கு வாடி அமைக்க வரும் மீனவர்களும் அடங்குவர். அது பொய்ச்சொல் அன்று. ஆனால் அரைச்சொல்.

பத்திரிகைகள் இதை ஏன் விரும்பின என்பதற்கு நியாயமான காரணங்கள் உண்டு. போர்க்காலத்தில் செய்தவனின் பெயரை எழுதுவது எளிதன்று. வடக்கில் ஒரு தரப்பின் அச்சம், கொழும்பில் மற்றொரு தரப்பின் தணிக்கை. எவரையும் சுட்டாத வினையைக் கொண்டு செய்தியை அச்சேற்றிவிடலாம். தலைப்புக்கும் சொல் சிறியதாக அமையும். இப்படி அவசரத்துக்கு எடுத்த சொல், போர் முடிந்து பல ஆண்டுகள் கழிந்த பின்னும் வழக்கில் நிலைத்துவிட்டது.

மூன்று ஒக்டோபர் 30

இது முஸ்லிம்களுக்கு மட்டும் நேர்ந்த கதை என்று தமிழ் வாசகர்கள் கருதிவிடலாகாது. நமது வரலாற்றில் ஒக்டோபர் 30 ஆம் திகதி மூன்று தடவை வருகிறது.

1964 ஒக்டோபர் 30 அன்று சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. நாடற்றவராக்கப்பட்டிருந்த 9,75,000 மலையகத் தமிழருள் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும் 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவதென்றும் இரு பிரதமர்களும் உடன்பட்டார்கள். எஞ்சிய 1,50,000 பேரின் கதி பின்னர் தீர்மானிக்கப்பட விடப்பட்டது. மலைநாட்டில் பிறந்து, அதைத் தவிர வேறு ஊர் அறியாத மக்கள் கப்பலேற்றப்பட்டார்கள். அவர்களுக்கு அரச ஆவணங்களில் கிடைத்த பெயர் 'தாயகம் திரும்பியோர்'. இங்கும் தன்வினை. அவர்களே விரும்பித் திரும்பியது போன்ற தோற்றம்.

1990 ஒக்டோபர் 30 பற்றி மேலே சொன்னேன்.

1995 ஒக்டோபர் 30 அன்று, இராணுவம் யாழ்ப்பாணத்தை நெருங்கிக்கொண்டிருக்க, வலிகாமத்து மக்கள் உடனே நீங்கவேண்டும் என்று புலிகள் அறிவித்தார்கள். இலட்சக்கணக்கான தமிழர்கள் கொட்டும் மழையில் செம்மணி வெளியையும் நாவற்குழிப் பாலத்தையும் கடந்து தென்மராட்சிக்கு ஊர்ந்தார்கள். 1990 இல் முஸ்லிம்களின் வீடுகள் வெறிச்சோடியதைப் பார்த்து நின்ற நகரம், சரியாக ஐந்து ஆண்டுகளின் பின் தானும் வெறிச்சோடியது. அதற்கு நாம் இட்ட பெயர் 'வலிகாம இடப்பெயர்வு'. பின்னால் இராணுவத்தின் எறிகணை, முன்னால் புலிகளின் கட்டளை. இந்த இரண்டில் எதையும் அப்பெயரில் காணமுடியாது.

மூன்று சம்பவங்களும் ஒன்றல்ல. காரணங்களும் செய்தவர்களும் வேறு. ஒரு மக்களை அவர்களின் மதத்தை அடையாளமாகக்கொண்டு முற்றாக அகற்றியது 1990 இல் மட்டுமே. அதை இனச்சுத்திகரிப்பு என்று சொல்வதே முறை. ஆனால் மூன்றையும் நாம் சொல்லிய முறையில் ஒற்றுமை இருக்கிறது. துன்பப்பட்டவரையே வினையின் எழுவாயாக்கிவிட்டோம்.

அகதி, ஏதிலி, முஹாஜிர்

கற்பிட்டிக் குடாநாட்டில் இம்மக்களுக்கு வேறு பெயர்களும் வழங்கின. 'அகதி' என்பது வடமொழிச் சொல். கதியற்றவர் என்று பொருள். சட்டப்படி எல்லை கடவாத இவர்கள் அகதிகள் அல்லர். ஆயினும் ஊரார் அழைத்ததும் அவர்கள் தம்மைச் சொல்லிக்கொண்டதும் அச்சொல்லாலேயே. தனித்தமிழ் விரும்பியவர்கள் 'ஏதிலி' என்றார்கள். பழந்தமிழில் 'ஏதிலார்' என்றால் அயலார். அயலார் ஆக்கப்பட்டவருக்கு அச்சொல் கசப்பான பொருத்தம்தான்.

மூன்றாவது சொல் அரபு மொழியினது. நபிகள் நாயகத்தோடு மக்காவை நீங்கியவர்கள் முஹாஜிர்கள். அவர்களை மதீனாவில் ஏற்றவர்கள் அன்ஸாரிகள். 1990 இல் வந்தவர்களையும் அவர்களை ஏற்ற புத்தளத்து மக்களையும் இப்பெயர்களால் குறிப்பதுண்டு. ஏற்றவர்களுக்கும் ஒரு பெயரைத் தருவது இச்சொற்கள் மட்டுமே. அந்தப் பெயருக்குப் புத்தளம் தகுதியானது. தாமும் வசதியற்றவர்களாயிருந்த கரையோர மக்கள் தோப்பையும் பள்ளிவாசலையும் சமையல் பாத்திரங்களையும் பகிர்ந்தார்கள். ஆண்டுகள் நீண்டபோது காணி, குடிநீர், கூலிவேலை, பாடசாலை இடம் ஆகியவற்றில் உரசல் எழுந்ததும் உண்மை.

இக்கரைக்கு விருந்தோம்பல் புதிதும் அன்று. 1344 இல் இப்னு பதூதா இலங்கையில் இறங்கிய 'பத்தாலா' இப்புத்தளமே என்பது பெரும்பாலோர் கருத்து. அங்கே அவரை வரவேற்றுப் பாவாதமலைக்கு வழித்துணையோடு அனுப்பிவைத்தவர் யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்தி. யாழ்ப்பாணத்து அரசன் ஒரு முஸ்லிம் பயணியை உபசரித்த அதே கரைக்கு, ஆறரை நூற்றாண்டுகளின் பின், யாழ்ப்பாணத்திலிருந்து முஸ்லிம்கள் ஒட்டுமொத்தமாக அனுப்பப்பட்டார்கள்.

வினை மாறினால் உரிமை மாறும்

சொல்லில் என்ன இருக்கிறது என்று கேட்போருக்குக் காணிச் சட்டத்தையே காட்டுவேன். இலங்கையில் ஒருவருடைய காணியை இன்னொருவர் தடையின்றிப் பத்து ஆண்டுகள் தமக்கென ஆண்டு அனுபவித்தால், அதற்கு ஆட்சியுரிமை கோரலாம். உரிமையாளர் விட்டுப்போனார், கேட்கவும் வரவில்லை என்பதே அதன் அடிப்படை. 1990 இல் அகற்றப்பட்டவர்களுக்கு 2000 ஆம் ஆண்டிலேயே பத்து ஆண்டுகள் நிறைந்துவிட்டன. அவர்கள் 'இடம்பெயர்ந்தார்கள்' என்றால் காணி போகும். 'வரவிடாமல் தடுக்கப்பட்டார்கள்' என்றால் காணி நிற்கும். இந்த வேறுபாட்டை ஏற்று, 1983 மே முதல் 2009 மே வரையான காலத்தில் ஆயுதக் குழுக்களின் செயல்களால் தம் உரிமையைக் கோரமுடியாதிருந்தவர்களுக்குப் பரிகாரம் வழங்க, 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தைப் பாராளுமன்றம் நிறைவேற்றியது.

போர் முடிந்தபின் இன்னொரு வினோதம் நிகழ்ந்தது. 2008 ஏப்ரலுக்கு முன் வீடிழந்தவர்கள் 'பழைய ஐ.டி.பி.'கள், பின்னர் இழந்தவர்கள் 'புதிய ஐ.டி.பி.'கள் என்று பிரிக்கப்பட்டார்கள். முகாம்களிலிருந்த புதியவர்களுக்கே முதலிடம். பழையவர்களின் பங்கு தாமதமாகவும் குறைவாகவும் வந்தது. இத்திட்டத்தின் பெயர் 'மீள்குடியேற்றம்'. இம்முறை பிறவினை! குடியேற்றியது அரசாங்கம் என்று வினை உரக்கச் சொல்லிற்று. உண்மையிலோ பலர் தாமே காடு வெட்டி, தாமே கொட்டில் போட்டு, தாமே மீளக் குடியேறியவர்கள். போகும்போது செய்தவனை மறைத்த இலக்கணம், வரும்போது செய்யாதவனை முன்னிறுத்தியது.

வாக்குரிமையும் இதே நூலில் தொங்கியது. புத்தளத்தில் வாழ்ந்தும் மன்னாரில் வாக்காளராகப் பதிந்திருந்தவர்கள், 2019 நவம்பர் 16 அன்று ஜனாதிபதித் தேர்தலில் வாக்களிக்கப் பஸ்களில் புறப்பட்டபோது வழியில் துப்பாக்கிச் சூட்டுக்கு இலக்கானார்கள். ஊர் தம்முடையது என்று சொல்வதற்கு அவர்கள் கொடுத்த விலைகளுள் அதுவும் ஒன்று.

விடுதலைப் புலிகளின் தரப்பில் அன்ரன் பாலசிங்கம் 2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் நடந்த செய்தியாளர் மாநாட்டில் இவ்வெளியேற்றத்துக்காக வருத்தம் தெரிவித்தார். முஸ்லிம்கள் திரும்பிவரலாம் என்றும் கூறினார். ஆகவே செய்தவர்களே மறுக்காத ஒன்றை, அவர்கள் போனபின்னும் செய்தித்தாள்கள் மறைத்துச் சொல்லவேண்டிய தேவை இல்லை.

எழுத வரும் இளைய நண்பர்களுக்கு ஒன்று சொல்வேன். வெள்ளம் வந்து மக்கள் அயலூருக்குப் போனால் 'இடம்பெயர்ந்தார்கள்' என்று எழுதுங்கள். வாடகை வழக்கில் தோற்று வீட்டை விட்டால் 'நீதிமன்றக் கட்டளைப்படி வெளியேற்றப்பட்டார்' என்று எழுதுங்கள். 1990 ஒக்டோபரைப் பற்றி எழுதும்போது 'விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களைத் துரத்தினார்கள்' என்று எழுவாய், செயப்படுபொருள், பயனிலை மூன்றும் விளங்க எழுதுங்கள். மலையகத் தமிழரைப் பற்றியும், வலிகாமத்தைப் பற்றியும், இராணுவம் பிடித்து வேலியடைத்த காணிகளைப் பற்றியும் எழுதும்போதும் இதே விதியைக் கடைப்பிடியுங்கள். நமக்கு இழைக்கப்பட்டதற்குப் பிறவினையும், நம் பெயரால் இழைக்கப்பட்டதற்குத் தன்வினையும் வைத்துக்கொள்வது எழுத்து நேர்மை ஆகாது.